மரபணுத் திருத்தமும் நன்மை தீமைக் கணக்கும்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், பொன்னமராவதி வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு வரன் பார்ப்பவர்களும், அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பவர்களும், அறிவியல் அறத்தைப் பாடமாகப் படிப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் பயன்பாட்டுவாதத்தின் அளவுகோலில் எழுதப்பட்டவை. அந்த அளவுகோல் எங்கே பொய் சொல்லும் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறோம்.

பயன்பாட்டுவாதம் என்றால் என்ன? "பெரும்பான்மைக்கு நல்லது" என்பதுதானே?

அப்படிச் சுருக்கினால் பாதிதான் வரும். ஒரு செயலால் பாதிக்கப்படும் அத்தனை பேருக்கும் சேரும் நன்மையிலிருந்து தீமையைக் கழித்து, எந்த வழியில் மிச்சம் அதிகமோ அதுவே சரியான வழி என்கிறது இந்தக் கொள்கை. ஆங்கிலேயத் தத்துவஞானி ஜெரமி பெந்தாம் 1789-ல் இதை முறைப்படுத்தினார். ஒரு இன்பத்தையோ துன்பத்தையோ அளக்க அவர் ஏழு கேள்விகள் வைத்தார். எவ்வளவு கடுமை, எவ்வளவு காலம், எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சீக்கிரம், அது இன்னும் நன்மையைப் பெருக்குமா, பின்னால் எதிர்விளைவைக் கொண்டுவருமா, எத்தனை பேரைத் தொடும். ஒவ்வொருவரும் ஒருவராக மட்டுமே எண்ணப்பட வேண்டும், யாரும் ஒன்றுக்கு மேல் இல்லை என்ற விதியை ஜான் ஸ்டூவர்ட் மில் பெந்தாமின் கூற்றாகவே எடுத்துச் சொல்கிறார். பெரும்பான்மை என்ற சொல்லை விட இந்த விதிதான் முக்கியம். பிறக்காத குழந்தையின் தாயும் ஒருவர், சிகிச்சைக்குப் பணம் இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒருவர்.

வட்டிக்கடையில் ஐந்தொகை எடுத்துப் பழகிய ஊருக்கு இதை விளக்குவது சிரமமில்லை. வரவை மட்டும் எழுதி வராக்கடனை மறைத்தால் ஐந்தொகை அழகாக இருக்கும், கடை மூழ்கும். மரபணு விவாதங்களில் நாங்கள் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கொள்கை தவறாக இருப்பதில்லை, எழுத வேண்டிய பற்று எழுதப்படாமல் போய்விடுகிறது.

மரபணுப் பொறியியல் என்று எதையெல்லாம் சேர்க்கிறீர்கள்?

நான்கு வேறு வேறு விஷயங்கள் ஒரே பெயரில் பேசப்படுகின்றன. ரத்தத்திலோ கருவிலோ செய்யும் பரிசோதனை, சோதனைக் குழாய் முறையில் உருவான கருக்களில் நோயில்லாததைத் தேர்ந்தெடுப்பது, பிறந்த நோயாளியின் உடல் செல்களில் மரபணுவைச் சேர்ப்பது அல்லது திருத்துவது, கருவையே திருத்துவது. முதல் இரண்டில் மரபணு எதுவும் மாற்றப்படுவதில்லை. மூன்றாவது அந்த நோயாளியோடு முடிந்துவிடும். நான்காவது மட்டுமே பேரன் பேத்திவரை இறங்கும்.

கணக்கை எந்த வரிசையில் போட வேண்டும்?

முதலில் மாற்று வழிகளை எழுதுங்கள். "செய்யலாமா, வேண்டாமா" என்று இரண்டே வழி வைத்தால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். எதுவும் செய்யாமல் இருப்பதும், இருப்பதிலேயே மலிவான வழியும் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு வழியும் யார் யாரைத் தொடுகிறது என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு விளைவுக்கும் அதன் அளவையும் அது நடக்கும் வாய்ப்பையும் பெருக்குங்கள். கடைசியில், சந்தேகமான எண்களைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து முடிவு மாறுகிறதா என்று சோதியுங்கள். ஒரு எண்ணைக் கொஞ்சம் அசைத்ததும் முடிவு கவிழ்ந்தால், அந்த எண்ணைப் பற்றி மேலும் தெரிந்துகொள்வதுதான் அடுத்த வேலை.

நோயின் அளவைக் குறிக்க சுகாதாரப் பொருளியலில் க்யூ.ஏ.எல்.ஒய். என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓராண்டு 1. ஒரு நோயோடு வாழும் ஆண்டின் மதிப்பு 0.7 என்று வைத்தால் அப்படி வாழும் பத்து ஆண்டு 7. இந்த 0.7-ஐ யார் சொன்னார்கள் என்று கேட்க மறக்காதீர்கள். நோயோடு வாழ்பவர்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தரும் மதிப்பெண், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தருவதை விடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கிறது.

இன்னொரு பொறி, எதிர்காலக் கழிவு. ஆண்டுக்கு 3 சதவீதம் கழித்தால், ஐம்பது ஆண்டு கழித்து வரும் 100 அளவு தீமை இன்றைய கணக்கில் 23 ஆகவும், நூறு ஆண்டு கழித்து வருவது 5 ஆகவும் சுருங்கிவிடும். கருத்திருத்தத்தின் ஆபத்து கொள்ளுப்பேரனுக்கு வரக்கூடியது. அதைக் கழிவு போட்டே இல்லாமல் செய்துவிடலாம். பணத்துக்குக் கழிவு சரி. மனிதனின் வலிக்கு, அவன் பிந்திப் பிறந்தான் என்பதற்காகக் கழிவு போடுவது ஒருவரை ஒருவராக எண்ணும் விதிக்கே விரோதம் என்பது எங்கள் நிலைப்பாடு.

எண்களோடு ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். பீட்டா தலசீமியா மரபணு ஒரு பிரதி மட்டும் இருப்பவர் கேரியர். அவருக்கு நோய் இல்லை, பெரும்பாலும் தெரியவும் தெரியாது. தாய் தகப்பன் இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் வரும். அந்தக் குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியாமலிருக்க நாள்தோறும் மாத்திரை. இந்தியாவில் கேரியர்கள் 3 முதல் 4 சதவீதம் என்று மதிப்பிடப்படுகிறது. ஆண்டுக்குப் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் இந்த நோயோடு பிறக்கின்றன. சமூகத்துக்குச் சமூகம் இந்த விகிதம் மாறும்.

கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் தலசீமியாவுக்கும், சிவப்பணு அரிவாள் வடிவாகும் சிக்கிள் செல் நோய்க்கும் உருவான முதல் சிகிச்சை காஸ்ஜெவி. 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் சிக்கிள் செல் நோய்க்காக அமெரிக்காவும் அதை அனுமதித்தன. அமெரிக்காவில் தலசீமியாவுக்கு அனுமதி 2024 ஜனவரியில். அங்கே அதற்கு அப்போது அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் 18 கோடி ரூபாய் என்று குறைத்தே வைப்போம்.

கேரியரைக் கண்டுபிடிக்கும் எச்.பி.எல்.சி. ரத்தப் பரிசோதனை தனியார் ஆய்வகங்களில் சில நூறு முதல் ஆயிரத்து ஐநூறு ரூபாய் வரை. ஆயிரம் என்று வைத்தால், 18 கோடிக்கு 1,80,000 பரிசோதனை. இருவரையும் சோதித்தால் 90,000 ஜோடி. கேரியர் விகிதம் 3 சதவீதம் என்றால் ஜோடியில் இருவரும் கேரியராக இருப்பது பத்தாயிரத்தில் 9. ஆக 81 ஜோடி அகப்படும். ஜோடிக்கு இரண்டு குழந்தை என்றால் 162 பிரசவம். அதில் ஏறத்தாழ 40 குழந்தைகளுக்கு நோய் வந்திருக்கும். ஒருவரை மட்டும் முதலில் சோதித்து, அவர் கேரியராக இருந்தால் மட்டும் மற்றவரைச் சோதித்தால் அதே பணத்தில் கிட்டத்தட்ட 1,75,000 ஜோடியைப் பார்க்கலாம், எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

ஒரு நோயாளிக்கு ஆகும் திருத்தச் சிகிச்சைச் செலவு ஒரு பக்கம், எண்பத்தொரு குடும்பங்களுக்கு முன்கூட்டியே தெரிவது மறுபக்கம். விகிதத்தைப் பாதியாக்கினால் அகப்படும் ஜோடி நான்கில் ஒன்றாகக் குறையும் (இரண்டு பேருடைய விகிதமும் பெருக்கப்படுவதால்). அப்போதும் 81 என்பது 20 ஆகிறது, நோய் வரக்கூடிய குழந்தை 10. முடிவு கவிழவில்லை. சைப்ரஸ் தீவில் 1970-களில் தொடங்கிய திட்டத்தில் திருமணத்துக்கு முன்பும் கர்ப்பத்திலும் சோதித்து, தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையை ஏறக்குறைய இல்லாமல் செய்திருக்கிறார்கள். மரபணு எதையும் யாரும் திருத்தவில்லை.

மாப்பிள்ளையை முதலில் சோதிப்பதா, பெண்ணையா?

மாப்பிள்ளையை. மருத்துவ ரீதியில் இருவரும் சமம். ஆனால் நம் ஊரில் பெண் கேரியர் என்ற பேச்சு வெளியே போனால் அடுத்து வரும் வரனும் தட்டிப்போகும். ஆணுக்கு அந்தச் சேதம் குறைவு. அவர் கேரியர் இல்லை என்று வந்துவிட்டால் பெண்ணைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அப்படித்தான் வரும். அதே தகவல் குறைந்த துன்பத்தில் கிடைக்கிறது.

எப்போது என்பதும் முக்கியம். பேசி முடித்து, திருமணப் பத்திரமான இசைகுடிமானம் எழுதும் தறுவாயில் சோதித்தால் உறவுகளுக்குள் மனக்கசப்பு வரும், அல்லது முடிவை மறைக்கத் தோன்றும். கல்லூரி வயதிலேயே, வரன் பேச்சு எதுவும் இல்லாதபோது சோதித்துத் தாளை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுப்பது நல்லது. சாதகம் கொடுக்கும் முன்பே இரு வீட்டாருக்கும் இது தெரிந்திருக்கும்.

பரிசோதனையில் என்ன தவறு நடக்கும்?

முதலில் சாதாரண ரத்த அணுப் பரிசோதனையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழ், எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள சராசரி ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு எச்.பி.எல்.சி.-யில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு. 4 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பீட்டா தலசீமியா கேரியர் என்று கொள்வார்கள். 3.5 முதல் 3.9 வரை இருந்தால் எல்லைக்கோடு. திரும்பச் சோதிக்க வேண்டும்.

இரும்புச் சத்துக் குறைவு ஏ2 அளவை இறக்கிக் காட்டும். நம் பெண்களில் ரத்தசோகை அதிகம், ஆகவே கேரியர் ஒருவர் "இல்லை" என்று தவறாக வெளியே வரலாம். எல்லைக்கோட்டில் வந்தால் ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் அளவு) பார்த்து, இரும்புக் குறையைச் சரிசெய்து மறுபடி சோதியுங்கள். கர்ப்பமாக இருந்தால் காத்திராமல் டி.என்.ஏ. பரிசோதனைக்குப் போங்கள். கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் தெரிவது கொடுத்தவரின் ரத்தமும் சேர்ந்ததுதான், அந்த முடிவை நம்பக் கூடாது.

எங்கள் வீட்டில் அயித்தை மகன், அம்மான் மகள் கட்டுவது வழக்கம். பயன்பாட்டுவாதம் அதைத் தவறு என்கிறதா?

எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணங்களில் ஏறத்தாழ 28 சதவீதம் உறவில் நடந்தவை. பொதுவாக நூறு குழந்தையில் இரண்டு மூன்றுக்கு ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கும். அத்தை மாமன் பிள்ளைகள் மணந்தால் இன்னும் இரண்டு மூன்று கூடும். நூற்றில் 94, 95 குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. பயமுறுத்தும் பேச்சும், "எங்கள் குடும்பத்தில் ஒன்றும் ஆகவில்லையே" என்ற பேச்சும் இந்த எண்ணுக்கு முன் நிற்பதில்லை.

ஆனால் குடும்பத்தில் ஒரு நோய் ஏற்கெனவே தெரிந்திருந்தால் கதை வேறு. மாப்பிள்ளை ஒரு நோய்க்குக் கேரியர் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறவில்லாத பெண், அந்த நோய்க்கு நூறு பேரில் ஒருவர் கேரியர் என்ற சமூகத்தைச் சேர்ந்தவர் என்றால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 400-ல் ஒன்று. அதே மாப்பிள்ளை அம்மான் மகளைக் கட்டினால், அவளும் அதே பிரதியைச் சுமக்கும் வாய்ப்பு 8-ல் ஒன்று, குழந்தைக்கு 32-ல் ஒன்று. சில சமூகங்களில் இருப்பது போல அக்காள் மகளைக் கட்டினால் 16-ல் ஒன்று. இங்கேதான் பரிசோதனை கணக்கையே மாற்றுகிறது. அம்மான் மகளைச் சோதித்து அவள் கேரியர் இல்லை என்று வந்தால் அந்த 32-ல் ஒன்று அநேகமாக மறைந்துவிடும், அந்த ஒரு நோயைப் பொறுத்தவரை. உறவை முறிக்க வேண்டியதே இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் பெண்ணுக்குக் கிடைக்கும் ஆதரவும் வரவுப் பக்கத்தில் எழுத வேண்டிய நிஜமான நன்மைதான்.

நகரத்தாரில் ஒரே கோயிலுக்குள் மணம் செய்வதில்லையே, அது போதாதா?

ஒன்பது கோயில் பிரிவு தந்தை வழியைப் பிரிக்கிறது. பங்காளிக்குள் மணம் நடக்காது. ஆனால் அயித்தை வேறு கோயிலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள்; அவள் பிள்ளைகள் அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள். ஆகவே கோயில் விதி அத்தை மாமன் பிள்ளை மணத்தைத் தடுப்பதில்லை. மரபணு கோயில் மாலையைப் பார்த்து இறங்குவதும் இல்லை, தாய் வழியாகவும் சமமாகவே வருகிறது.

நேரடி உறவு இல்லாவிட்டாலும், பல தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணக்கும் எந்தச் சமூகத்திலும் சில அரிய நோய்களின் மரபணு செறிந்திருக்க வாய்ப்புண்டு. 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்களில் இந்தச் செறிவு, மரபு நோய் ஆய்வில் அடிக்கடி உதாரணம் காட்டப்படும் ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட வலுவாக இருந்தது. எந்தச் சமூகமும் இதில் கேவலப்பட ஒன்றுமில்லை. எந்த நோய் தங்களிடம் அதிகம் என்று தெரிந்துகொண்ட சமூகம் அதற்கு மட்டும் சோதித்துக்கொண்டால் போதும்.

இருவரும் கேரியர், திருமணமும் ஆகிவிட்டது. கருவைத் தேர்ந்தெடுக்கும் முறை எப்படி நடக்கும்?

கர்ப்பம் தரிக்கும் முன்பே இருவருடைய டி.என்.ஏ.-விலும் எந்தத் திரிபு என்று கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடுவதுதான் மிகப் பெரிய தவறு. பதினாறு வாரக் கர்ப்பத்தோடு வந்தால் திரிபைத் தேடுவதற்குள் கருக்கலைப்புக்குச் சட்டம் தரும் 24 வார எல்லை நெருங்கிவிடும்.

இயற்கையாகக் கருத்தரித்தால் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுத் திசுவையோ, 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்கலாம். அல்லது சோதனைக் குழாய் வழி: பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, முட்டை எடுப்பு, கருவூட்டல், ஐந்தாம் ஆறாம் நாளில் கருவின் வெளியடுக்கிலிருந்து சில செல்கள் எடுப்பு, கருவை உறையவைப்பு, முடிவு வந்ததும் நல்ல கருவை வைப்பது. ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறையும். பத்து முட்டையில் ஐந்தாம் நாளைத் தாண்டுவது மூன்று நான்கு கருவாக இருந்தால் அது நல்ல சுற்று. அதில் நான்கில் மூன்று பங்கு நோயற்றவை. வைத்த கருவெல்லாம் ஒட்டுவதும் இல்லை. சில செல்களிலிருந்து படிப்பதால் ஒரு பிரதி தவறிப்போய்த் தவறான முடிவு வரலாம். அதனால்தான் கர்ப்பம் நின்ற பிறகும் ஒருமுறை உறுதிசெய்யச் சொல்வார்கள். ஒரு சுற்றுக்குச் சில லட்சம் ஆகும். ஊசி, வீக்கம், முட்டை எடுப்பு, தோற்றுப்போன சுற்றின் ஏமாற்றம் எல்லாம் பெண்ணின் உடம்பில்தான். கணக்கில் அவளுக்குத் தனி வரி வேண்டும்.

அப்படியானால் கருவையே திருத்திவிடலாமே?

மேலே உள்ள எண்ணைத் திரும்பப் பாருங்கள். இரண்டு கேரியர்களின் கருக்களில் நான்கில் மூன்று ஏற்கெனவே நோயற்றவை. திருத்தம் அந்த ஜோடிக்குக் கூடுதலாகத் தருவது மிகச் சொற்பம். இருவருமே அதே நோயுள்ளவர்கள், அல்லது ஒருவரிடம் ஓங்குநோயின் (ஒரு பிரதி இருந்தாலே வரும் நோயின்) இரண்டு பிரதியும் உண்டு என்ற அரிய நிலையில் மட்டும்தான் தேர்ந்தெடுக்க நல்ல கரு இருக்காது. வரவுப் பக்கம் இவ்வளவுதான்.

பற்றுப் பக்கம் நீளமானது. திருத்தம் எல்லாச் செல்லிலும் ஒரே போல் நடக்காமல் கலவையாகலாம். சோதிக்க எடுத்த செல் திருந்தியிருக்கும், மீதி திருந்தாமல் இருக்கும். வேறு இடத்தில் வெட்டு விழலாம். சரியான இடத்திலேயே பெரிய துண்டு காணாமல் போகலாம். மனிதக் கருக்களில் வெட்டுப்பட்ட குரோமோசோமே தொலைந்துபோவதை 2020-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. 2018 நவம்பரில் சீனாவில் ஹே ஜியான்குயி, எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைய வழிதரும் சி.சி.ஆர்.5 மரபணுவைத் திருத்தி இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஆனால் விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தும் பழைய முறையே குழந்தைக்குத் தொற்றாமல் காக்கும். மலிவான மாற்று வழி பட்டியலிலேயே இல்லாமல் போட்ட கணக்கு அது. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017, 2019 வழிகாட்டு நெறிகள் இனப்பெருக்கச் செல் மரபணுச் சிகிச்சையைத் தடைசெய்கின்றன. வெளிநாட்டிலோ உள்ளூரிலோ யாராவது பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்து தருவதாகச் சொன்னால் விலகிவிடுங்கள்.

ஒரு குழந்தைக்குப் பதினெட்டுக் கோடி செலவழிப்பது தவறு என்கிறீர்களா?

இல்லை. பொதுப் பணத்தை எதில் முதலில் போடுவது என்பது ஒரு கேள்வி. இருக்கும் குழந்தையை எப்படிக் காப்பது என்பது இன்னொன்று. மேலே போட்டது முதல் கேள்விக்கான கணக்கு. அதைக் காட்டி, படுக்கையில் இருக்கும் பிள்ளையின் சிகிச்சையை நிறுத்து என்று சொல்பவர் கணக்கைத் திருடுகிறார். பரிசோதனையில் மிச்சமாகும் பணம் அந்தப் பிள்ளைக்குப் போகட்டும் என்றுதான் பயன்பாட்டுவாதி சொல்ல வேண்டும்.

தலசீமியா குழந்தைக்கு உடன்பிறந்தவர் எலும்பு மஜ்ஜை பொருந்தினால், சிறு வயதிலேயே செய்யும் மாற்றுச் சிகிச்சை பெரும்பாலும் பலிக்கிறது. கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் 2017-ல் தொடங்கிய தலசீமியா பால் சேவா திட்டம் இதற்குப் பத்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. காஸ்ஜெவி முதலில் அனுமதிக்கப்பட்டது 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. அதிலும் பழைய மஜ்ஜையை அழிக்க புசல்ஃபான் என்ற கடுமையான மருந்து கொடுக்க வேண்டும், பின்னால் குழந்தைப்பேறு பாதிக்கலாம், மருத்துவமனையில் பல வாரம் இருக்க வேண்டும். விலை குறைய வழி இருக்கிறது என்பதற்கு வேலூரைப் பாருங்கள். சி.எம்.சி. மருத்துவமனையில் கடுமையான ஹீமோபிலியா ஏ (ரத்தம் உறையாத பரம்பரை நோய்) உள்ள ஐந்து பேருக்கு அவர்களின் சொந்த மூலசெல்லிலேயே மரபணுவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றினார்கள். 2024 டிசம்பரில் வெளியான முடிவுப்படி, ஐவருக்கும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் ரத்தக்கசிவு நேரவில்லை. அயல்நாட்டு விலைக்கு ஒரு குழந்தைக்கு நன்கொடை திரட்டும் ஊர், இப்படிப்பட்ட உள்நாட்டு ஆய்வுக்கும் கொடுத்தால் அந்தப் பணம் பல குழந்தையைத் தொடும். லாபத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிக் கோயிலும் கல்விக்கூடமும் கட்டிய வட்டாரம் இது. ஆண்டுக்கு ஒரு கல்லூரியின் மாணவர்களுக்கு எச்.பி.எல்.சி. செய்ய ஆகும் செலவையும் அப்படி ஒதுக்கலாம்.

நோயோடு பிறந்தவர்களின் வாழ்க்கை மதிப்புக் குறைந்தது என்று இந்தக் கணக்கு சொல்கிறதே?

இது நியாயமான கோபம். க்யூ.ஏ.எல்.ஒய். அலகை அப்படியே வைத்து வரிசைப்படுத்தினால், ஏற்கெனவே ஊனமுள்ளவரின் ஓராண்டு 0.7 என்றும் மற்றவருடையது 1 என்றும் ஆகி, இருவருக்கும் உயிர்காக்கும் சிகிச்சை தேவைப்பட்டால் முதல்வர் பின்னுக்குத் தள்ளப்படுவார். உயிரைக் காக்கும் முடிவில் அந்த அலகைப் பயன்படுத்தக் கூடாது. ஒரே ஆளுக்கு இரண்டு சிகிச்சையை ஒப்பிடும்போது மட்டும் அது பொருந்தும்.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 1984-ல் தத்துவஞானி டெரக் பார்ஃபிட் அதைத் தெளிவாக எடுத்துவைத்தார். வேறு கருவைத் தேர்ந்தெடுத்தால், பிறப்பது வேறு ஆள். அப்படியென்றால் நோயுள்ள கருவைத் தேர்ந்தெடுக்காததால் அந்தக் குழந்தைக்கு நன்மை செய்தோம் என்று சொல்ல முடியாது; அது பிறக்கவே இல்லை. நோயோடு பிறந்து, வாழ்வை விரும்பி வாழும் ஒருவர் "நீங்கள் எனக்குத் தீங்கு செய்தீர்கள்" என்று பெற்றோரிடம் சொல்லவும் முடியாது. உடல் செல் சிகிச்சையிலோ அதே ஆள் நலமாகிறார். இந்த வேறுபாட்டால், தேர்வைச் செய்யாத பெற்றோரை யாரும் குற்றவாளியாக்க முடியாது. தெரிந்தே குழந்தையைப் பெற்று வளர்க்கும் தாய் தகப்பனை ஊர் தூற்றுவதற்குப் பயன்பாட்டுவாதத்தில் இடமில்லை.

இது மறுபடியும், யார் பிள்ளை பெறலாம் என்று அரசே முடிவுசெய்யும் இனமேம்பாட்டு வாதத்தில் (யூஜெனிக்ஸ்) போய் முடியாதா?

முடியலாம், முடிந்திருக்கிறது. அமெரிக்காவில் 1927-ல் உச்ச நீதிமன்றமே கட்டாயக் கருத்தடையைச் செல்லும் என்றது. நம் நாட்டில் நெருக்கடி நிலையின்போது 1976-77 ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன, பலருக்கு வற்புறுத்தி. இரண்டுமே பொது நன்மை என்ற பெயரில்தான். பயன்பாட்டுவாதத்திலேயே இதற்கு விடை உண்டு. ஒவ்வொரு செயலையும் தனியே கணக்குப் போடாமல், எந்த விதியை எல்லோரும் பின்பற்றினால் நல்லது என்று கணக்குப் போடும் கிளை அது. "அதிகாரி சரி என்று நினைத்தால் வற்புறுத்தலாம்" என்ற விதியின் விளைவை வரலாறு காட்டிவிட்டது. ஆகவே நாங்கள் வைக்கும் விதி: சோதனை விருப்பத்தின் பேரில், முடிவு அவரவருக்கு, மறுத்தவர்க்கு எந்தச் சலுகையும் குறையாது.

மூத்த பிள்ளையைக் காப்பாற்ற மஜ்ஜை பொருந்தும் தம்பியையோ தங்கையையோ தேர்ந்தெடுத்துப் பெறலாமா?

2018-ல் குஜராத்தில் அப்படி ஒரு குழந்தை பிறந்து, பின்னர் தலசீமியா உள்ள அண்ணனுக்கு மஜ்ஜை கொடுத்தது. சிறு குழந்தையிடமிருந்து மஜ்ஜை எடுப்பதில் மயக்க மருந்தின் சிறு ஆபத்தும் சில நாள் வலியும் உண்டு. மறுபக்கம் ஒரு வாழ்நாள். கணக்கு அனுமதிக்கிறது. ஒரு கேள்வியை மட்டும் பெற்றோர் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளட்டும்: மஜ்ஜை பலிக்காமல் போனாலும் இந்தக் குழந்தை நமக்கு வேண்டுமா? ஆம் என்றால் மேலே செல்லலாம். பொருந்தும் கரு கிடைப்பதே அரிது என்பதையும் சொல்ல வேண்டும்: நோயற்றது நான்கில் மூன்று, மஜ்ஜைப் பொருத்தம் நான்கில் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் 16-ல் 3.

நிறம், உயரம், அறிவு இவற்றைக் கூட்ட முடியுமா? கூட்டலாமா?

முடிகிற அளவு சொற்பம். பத்துக் கருவில் மிக உயர்ந்த மரபணு மதிப்பெண் பெற்றதைத் தேர்ந்தெடுத்தால் சராசரியைவிடக் கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர் உயரமோ, இரண்டரைப் புள்ளி ஐ.க்யூ.-வோ கூடலாம் என்று 2019-ல் ஒரு ஆய்வு கணித்தது. இந்த மரபணு மதிப்பெண்களும் பெரும்பாலும் ஐரோப்பியத் தரவிலிருந்து வந்தவை. நம்மிடம் இன்னும் மங்கும்.

எல்லோரும் ஒரு அங்குலம் உயர்ந்தால் யாருக்கும் லாபமில்லை. ஐ.ஐ.டி. இடங்கள் எல்லோரும் தயாராகி வந்தாலும் அதே எண்ணிக்கைதான். ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பதாக இருக்கும் நன்மையின் மொத்தம் பூஜ்யம், செலவும் வலியும் மட்டும் மிச்சம். நோய் எதிர்ப்புச் சக்தி அப்படியல்ல, என் பிள்ளைக்குத் தொற்றாவிட்டால் உங்கள் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

நிறத்தைப் பற்றி ஒரே வார்த்தை. சிவப்புக் குழந்தை வேண்டும் என்ற ஆசை, கறுப்பை இழிவாகப் பார்க்கும் பார்வையில் பிறந்தது. பிறரைத் தாழ்த்துவதில் பிறக்கும் விருப்பத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்று ஜான் ஹர்சானி போன்ற பயன்பாட்டுவாதிகளே சொல்லியிருக்கிறார்கள். ஆணா பெண்ணா என்று பார்ப்பதோ, இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டப்படியும் குற்றம்.

மரபணு திருத்திய நெல் விதையை எங்கள் கண்மாய்ப் பாசனத்துக்கு வாங்கலாமா?

மனிதக் கருவுக்குச் சொன்ன எச்சரிக்கையை அப்படியே இதற்குத் தூக்கி வைக்க வேண்டாம். தவறிப்போன விதையைத் திரும்பப் பெறலாம். 2025 மே மாதம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் டி.ஆர்.ஆர். தன் 100 (கமலா), பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்ற இரண்டு ரகங்களை அறிவித்தது. முதலாவது சாம்பா மசூரியிலிருந்து, இருபது நாள் முன்பே விளைவதாகச் சொல்லப்படுவது. மழை பொய்த்துக் கண்மாய் சீக்கிரம் வற்றும் சிவகங்கை மாவட்டத்தில் அந்த இருபது நாள்தான் கவனிக்க வேண்டிய எண். இரண்டிலும் வெளியுயிரின் மரபணு சேர்க்கப்படவில்லை. கேட்க வேண்டியவை: விதையை எடுத்துவைத்து அடுத்த போகத்துக்கு விதைக்கலாமா, தொழில்நுட்பக் காப்புரிமை யாரிடம், உங்கள் மண்ணில் சோதித்த எண் உண்டா. முதல் போகத்தில் ஒரு வயலில் மட்டும் போட்டுப் பழைய ரகத்தோடு எடை பாருங்கள்.

கேரியர் என்று வந்த தாளை யாரிடம் காட்டுவது?

முதலில் சோதித்துக்கொண்டவரிடம் மட்டும், தனியாக, விளக்கம் சொல்லத் தெரிந்த மருத்துவரோ மரபணு ஆலோசகரோ உடனிருந்து. காரைக்குடியில் ரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பும் இடங்களில், முடிவை வாட்ஸப்பில் குடும்பத்தின் யாரோ ஒருவர் எண்ணுக்கு அனுப்பிவிடுவது உண்டு. ரத்தம் கொடுக்கும்போதே எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். தாளில் ஹீமோகுளோபின் ஏ2 சதவீதம், எம்.சி.வி., எம்.சி.எச்., சோதித்த தேதி, அப்போது இரும்புக் குறை இருந்ததா என்ற ஐந்தும் இருக்கிறதா பாருங்கள். "நார்மல்" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால் முழு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் கேரியராக இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதால் அவர்களுக்குத் தெரிவிப்பது நல்லது. ஆனால் அதை அந்தப் பிள்ளையே சொல்லட்டும். வரன் வந்தால், பேசி முடிக்கும் முன் மாப்பிள்ளை வீட்டாரின் தாளையும் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.